அறுபத்தொரு கடிதம், ஒரே கை

அத்தியாயம் 9

"சாட்சிய எரிச்சிட்டாங்க ஆச்சி" என்றான் தேவன். "மாலை போட்டு, மேளம் அடிச்சு, சங்கு ஊதி எரிச்சிருக்காங்க. இவ்வளவு மரியாதையா சாட்சிய அழிச்ச கேஸு உலகத்துலயே இது ஒண்ணுதான்."

சீதாலெட்சுமி ஆச்சி உப்பு மாங்காயைக் கடித்துக்கொண்டு தெமியாங் சாலையின் நெரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழிகளில் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப்போய், ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். தேவன் அவருக்குக் கார் ஓட்டுவான், கணினி பார்ப்பான், மிச்ச நேரத்தில் பேசுவான். மிச்ச நேரம் நிறைய இருந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓடிவந்தவன் என்பதால் இந்த வழக்கில் அவனுக்குத் தனிக் குஷி.

பின் இருக்கையில் அந்தக் குஷி இல்லை. அங்கே ஷாமினி இருந்தாள். ரஹாங்கில் வீடு, வயது முப்பத்தொன்று, முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடத்தைக் கொடுத்தவள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் விசாரணைக் குழுவின் முன்னால் நின்று, தான் மோசடிக்காரி இல்லை என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் போகும், காத்திருக்கும் விரிவுரையாளர் வேலையும் போகும். இன்று சனிக்கிழமை.

அவள் ஆய்வு தோட்டத்துக் குடிமைச் சமூகத்தைப் பற்றியது. அரசாங்கத்தையும் முதலாளியையும் எதிர்பார்க்காமல் ஜனங்கள் தாங்களே கூடித் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்ட கதை. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு மரண சகாய சங்கம் இருந்தது. சாவுக்குப் பெட்டி வாங்கத் தொடங்கிய சங்கம், போகப் போகத் தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடத்துக் கூரை, லயத்து வீடுகளுக்குக் கக்கூஸ் என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதியது. 1981 முதல் 1994 வரை அறுபத்தொரு கடிதங்கள். எழுதியவர் செயலாளர் வீரமுத்து, அங்கே ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். நகல்கள் அவருடைய நோட்டுகளில் இருந்தன. ஷாமினி இரவல் வாங்கி, டைப் அடிக்கக் கொடுத்து, திருப்பித் தந்தாள். போன வருடம் வீரமுத்து இறந்தார். எழுத்தாலே தோட்டத்தைக் காப்பாற்றிய மனிதர் என்று சொல்லி, நோட்டுகளையும் பெட்டிக்குள் வைத்து அவரோடு எரித்துவிட்டார்கள். ஷாமினி எடுத்து வைத்திருந்த படங்கள் கைப்பேசியோடு பஸ் நிலையத்தில் களவுபோயின.

மிஞ்சியது டைப் அடித்த தாள்கள்தான். விசாரணைக் குழுத் தலைவர் முனைவர் பாலசுப்ரமணியன் அவற்றை ஒரு மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்தார். எழுதியவர் யார் என்று அளக்கிற மென்பொருள். மனிதன் யோசிக்காமல் போடும் சின்னச் சின்னச் சொற்கள், வாக்கியத்தின் நீளம், மூச்சு விடும் இடம் எல்லாவற்றையும் எண்ணி, கைரேகை மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்லும். சொல்லிவிட்டது: அறுபத்தொரு கடிதங்களும் ஷாமினியின் ஆய்வேடும் ஒரே கை.

அதாவது, வீரமுத்து எழுதவில்லை, ஷாமினியே உட்கார்ந்து புனைந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றான் தேவன், காரை ஒரு லாரிக்குப் பின்னால் செருகிக்கொண்டே. "கடிதத்தையும் ஆய்வையும் டைப் அடிச்சது ஒரே அம்மா. அவங்க ரெண்டையும் திருத்திருப்பாங்க. மெஷின் டைப்பிஸ்ட அளந்திருக்கு. கேஸு முடிஞ்சது. நாசி லெமாக் சாப்பிடலாம்."

"மொதல்ல அந்த டைப் கடைக்குப் போலாம்" என்றார் ஆச்சி.

*

புஷ்பவள்ளியின் டைப்பிங் கடை ஒரு முடிதிருத்தகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு கணினி, ஒரு நகல் இயந்திரம், ஒரு மின்விசிறி. புஷ்பவள்ளிக்கு ஐம்பத்து நான்கு வயது. மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கியது. எதிரே ஒரு மாப்பிள்ளையின் அப்பா கல்யாண அழைப்பிதழோடு உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தார்.

"மகனுக்குக் கல்யாணம்னு நாலு எடத்துல எழுதிருக்கீங்க அண்ணே" என்றார் புஷ்பவள்ளி. "ஒரு தடவ போதும். பையன் ஓடிற மாட்டான்."

"நான் கொடுத்தத அப்படியே அடிங்கன்னுதான்மா சொன்னேன்."

"அப்படியே அடிச்சா என் கை கூசும்."

தேவன் ஆச்சியை முழங்கையால் இடித்தான். ஆச்சி அந்த மனிதர் போகும்வரை காத்திருந்தார். பிறகு நேராகக் கேட்டார்.

"ஷாமினியோட ஆய்வையும் இப்படித்தான் பண்ணீங்களா?"

"எல்லாப் பிள்ளைங்களோடதும் இப்படித்தான். கோணலா வந்தா நேராக்குவேன். அதுக்குன்னு தனியா ஒண்ணும் வாங்குறதில்ல."

"எவ்வளவு நேராக்கினீங்க?"

"நானூத்தி இருபது பக்கமா வந்துச்சு. முந்நூறா போச்சு."

தேவன் வாய்விட்டுச் சிரித்தான். ஷாமினி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எழுத்துப்பிழை பாப்பாங்கன்னுதான் கொடுத்தேன்" என்றாள் மெதுவாக. "திரும்பி வந்தப்ப படிச்சேன். நல்லா இருந்துச்சு. நான்தான் இவ்வளவு நல்லா எழுதிருக்கேன்னு நெனச்சிட்டேன்."

"நெனைக்கிறதுதான்லா" என்றான் தேவன். "என் பாஸ்போர்ட் படத்தப் பாத்து நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஆச்சி அவன் பக்கம் திரும்பவில்லை. "அந்த அறுபத்தொரு கடிதம்? அதையும் நேராக்கினீங்களா?"

புஷ்பவள்ளி மேசையில் இருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். அடுக்கி முடித்ததையே மறுபடி அடுக்கினார்.

"இல்ல. கடிதத்துல நான் கை வைக்கல. ஒரு சொல்லுகூட மாத்தல. சத்தியமா."

தேவனின் சிரிப்பு பாதியில் நின்றது. நாசி லெமாக்கும் நின்றது.

காருக்குத் திரும்பியதும் அவன் தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டான். "இது இன்னும் மோசம் ஆச்சி. கடிதத்துல கை வைக்கலன்னா, அது ஏன் இவங்க நேராக்கின ஆய்வு மாதிரியே இருக்கு? டைப்பிஸ்டும் மாணவியும் கூட்டுச் சேர்ந்து புனைஞ்சாங்கன்னு சொல்லுவானுங்க. ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரு மாட்டுவாங்க."

ஷாமினி ஜன்னலைப் பார்த்தபடி, "என்னைய வீட்டுல எறக்கி விட்டுருங்க" என்றாள்.

"சும்மா இரும்மா" என்றார் ஆச்சி. கடிதங்களின் தேதிப் பட்டியலை மடியில் விரித்திருந்தார். "இதப் பாரு. செவ்வாய், வியாழன், மறுபடி செவ்வாய். ஒரே வாரத்துல ரெண்டு கடிதம். அப்புறம் மூணு மாசம் ஒண்ணுமே இல்ல. பொய்யா ஒரு சங்கத்த உண்டாக்குறவங்க மாசத்துக்கு ஒரு கூட்டம், ஞாயித்துக்கெழமன்னு அழகாப் போட்டு வைப்பாங்க. இவ்வளவு அலங்கோலத்த யாரும் உக்காந்து யோசிக்க முடியாது. இந்தத் தேதிக்கு ஏதோ கணக்கு இருக்கு. தோட்டத்துக்கு விடு."

*

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. எண்ணெய்ப்பனைதான். பழைய வீடுகளில் பதினான்கு குடும்பங்கள் மிச்சம். அதில் ஒன்று மாயாண்டியுடையது. எண்பத்து மூன்று வயது, ஒருகாலத்தில் மண்டோர். வெட்டுக்காரர்களை மேய்த்தவர், மாடு மாதிரி மேய்க்கிறார் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். அவர் மனைவி மயிலம்மாள் எல்லோருக்கும் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே உட்கார்ந்துகொண்டார்.

"மண்டோரய்யா" என்றார் ஆச்சி, "மரண சகாய சங்கக் கூட்டம் எந்தக் கெழமையில நடக்கும்?"

"கெழமையா?" மாயாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "டவுன்காரங்களுக்குத்தாம்மா கெழம. எங்களுக்கு மழைதான். விடிகாலையில மழை பெஞ்சா மரம் நனஞ்சிரும், பால் வெட்ட முடியாது. பேரு கூப்பிடுற பெரட்டுக்கு வந்தவங்கள அப்படியே திருப்பி அனுப்பிருவோம். வேற எப்ப இத்தன பேரும் ஒரே எடத்துல சும்மா இருப்பானுங்க? வீரமுத்து மணி அடிப்பான். கூட்டம். கூட்டம் முடிஞ்சா கையோட கடுதாசி."

காரியம் புரிய தேவனுக்கு ஒரு நொடி ஆனது. பிறகு அவன் கோப்பியைக் கொட்டிக்கொண்டான்.

"எந்தெந்த நாளு மழை பெஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ஆச்சி. குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. ரொம்ப சாதாரணமாக இருந்தால் அவர் கொதிக்கிறார் என்று அர்த்தம்.

"எனக்குத் தெரியும். மண்டோர் தினம் எழுதணுமே. மழையா இல்லையா, யார் வந்தான், யார் வரல."

"அந்தப் புஸ்தகம்..."

"எரிக்கல" என்றார் மயிலம்மாள். "இவரு இன்னும் சாகல."

பிஸ்கட் டின்னுக்குள் இருபத்திரண்டு சின்ன நோட்டுகள் இருந்தன. மாயாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஷாமினி தேதியைப் படித்தாள்.

"1981, செப்டம்பர் எட்டு."

"மழை."

"அக்டோபர் இருபத்தொம்பது."

"மழை. எலியாஸ் வழுக்கி விழுந்தான்."

"எலியாஸ் நமக்கு வேணாம்யா" என்றான் தேவன். "மழை மட்டும் போதும்."

"நவம்பர் மூணு."

"மழை."

"நவம்பர் அஞ்சு."

"மழை. அன்னிக்கும் விழுந்தான்."

அவர்கள் வேகம் எடுத்தார்கள். ஷாமினி தேதியைச் சொல்வாள், கிழவர் மழை என்பார், தேவன் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவான். கொஞ்ச நேரத்தில் அது உறுமி மேளம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். முப்பதாவது மழைக்கு ஷாமினி சிரிக்கத் தொடங்கினாள். நாற்பதாவதுக்குப் படிக்க முடியாமல் ஆச்சியிடம் தாளைக் கொடுத்தாள். அறுபத்தொரு தேதியில் ஐம்பத்தெட்டு மழை.

"இந்தப் புள்ள மோசடிதான் பண்ணிச்சுன்னா" என்றான் தேவன், "பொறக்கிறதுக்கு முன்னாலயே ஏழாங்கட்டையில கொடையோட நின்னிருக்கணும். முடிஞ்சது ஆச்சி. கடிதம் பழசு."

"மூணு மிச்சம் இருக்கு" என்றார் ஆச்சி.

அவருக்கு எப்போதும் மூன்று மிச்சம் இருக்கும். இந்த முறை அவை 1983 மார்ச் ஏழு, பதினொன்று, பதினாறு. மூன்றும் வெயில் நாட்கள். மாயாண்டி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் இல்லை. எல்லோரும் வெட்டப் போயிருக்கிறார்கள். வீரமுத்துவும் தன் மர நிரையில்தான் இருந்திருக்கிறார்.

"அந்த மூணும்தான் ஆக நல்ல கடிதம்" என்றாள் ஷாமினி. "துரை வீட்டு நாய்க்குக் குழாய்த் தண்ணி, எங்க பிள்ளைகளுக்குக் கால்வாய்த் தண்ணியான்னு கேட்டது அதுலதான் வருது. என்னோட மூணாவது அத்தியாயமே அதப்பத்திதான். 'மார்ச் எழுச்சி'ன்னு பேரு வெச்சிருக்கேன். தொழிற்சங்க இயக்கத்தோட தாக்கம்னு நாப்பது பக்கம்."

"பதிமூணு வருஷத்துல வேற ஒரு வெயில் நாள்லயும் கடிதம் இல்ல" என்றார் ஆச்சி. "வேல முடிஞ்சு சாயங்காலம் சும்மா இருக்கிறப்பகூட வீரமுத்து ஒண்ணும் எழுதல. கூட்டம் நடந்தாத்தான் எழுத்து. இந்தப் பத்து நாள்ல மட்டும் கூட்டம் இல்லாமலே மூணு கடிதம் வருது. யாரோ ஒருத்தர் அந்த நாள்ல வேல இல்லாம, போக எடமும் இல்லாம உக்காந்திருக்காங்க. கையில பென்சிலோட. ஐயா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் படிங்க."

மாயாண்டி படித்தார். "மார்ச் இருபத்தொண்ணு. மழை இல்ல. பதினோரு பேர் வேலைக்கு வரல. நேத்து வீரமுத்து வீட்டுச் சடங்கு."

"கள்ளு ஆறா ஓடுச்சு" என்றார் மயிலம்மாள். "எனக்கு ஞாபகம் இருக்கு. வீரமுத்துவோட அக்கா மக வயசுக்கு வந்துட்டா. தாயில்லாப் புள்ள, மாமன் வீட்டுலதான் வளந்துச்சு. வீட்டுக்குப் பின்னால ஓலை கட்டி, பதினாறு நாளு அந்தப் புள்ளைய தனியா உக்கார வெச்சிருந்தோம். பள்ளிக்கூடம் போகக் கூடாது, வெளிய வரக் கூடாது. பாவம், எழுதி எழுதித் தாளு கேக்கும். நான்தான் மீன் சுத்துன தாளக் கொண்டுபோயிக் கொடுப்பேன்."

ஷாமினியின் வாய் திறந்தபடி இருந்தது.

"நாப்பது பக்கம்" என்றான் தேவன் மெல்ல. "தொழிற்சங்க இயக்கத்தோட தாக்கம்."

"மழை நாள்ல அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல இருக்காதா?" என்று கேட்டார் ஆச்சி.

"கூரை ஒழுகும்ல. பிள்ளைங்களையும் அனுப்பிருவாங்க. பெறவு பெரிசாயி அதுவும் வெட்டத்தான் போச்சு. மழைன்னா அதுக்கும் லீவுதான்."

"எப்ப தோட்டத்த விட்டுப் போச்சு?"

"தொண்ணூத்தி நாலுல கல்யாணம். தெமியாங்ல குடுத்தோம். புஷ்பவள்ளி. டைப் கடை வெச்சிருக்கு. கெட்டிக்காரப் புள்ள."

தேவன் ஷாமினியின் ஆய்வேட்டைப் புரட்டினான். "அஞ்சாவது அத்தியாயம். '1994இல் தோட்டத்துக் குடிமைச் சமூகத்தின் வீழ்ச்சி. உலகமயமும் அந்நியத் தொழிலாளர் வருகையும்.'" மூடினான். "வீழ்ச்சிக்குக் காரணம் மாப்பிள்ளை."

*

காரில் ஆச்சி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "மெஷின் சரியாத்தான் அளந்திருக்கு. ஒரே கைதான். அது உன் கை இல்ல."

புஷ்பவள்ளி கடையை மூடும் நேரத்தில் அவர்கள் படியேறினார்கள். ஆச்சி எதையும் சுற்றி வளைக்கவில்லை. மழை, வெயில், பதினாறு நாள், மீன் சுற்றிய தாள். எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். புஷ்பவள்ளி மறுக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"மாமாவுக்குத் தன் பேரு மட்டும்தான் எழுத வரும்" என்றார். "ஆனா பேச வரும். கூட்டத்துல அவரு பேசுவாரு, நான் மூலையில உக்காந்து எழுதுவேன். ஆரம்பத்துல அவரு சொன்னத எழுதினேன். அப்புறம் நேராக்க ஆரம்பிச்சேன். அப்புறம் அவரு சொல்றத நிறுத்திட்டாரு. வெட்டுக்காரப் பொண்ணு எழுதுதுன்னு தெரிஞ்சா துரை கடுதாசியப் பிரிக்கக்கூட மாட்டான். அதான் அவரு பேரு."

"அவர் செத்தப்புறமாவது சொல்லிருக்கலாமே" என்றான் தேவன்.

"தோட்டத்து மண்டபத்துக்கு அவரு பேரு வெச்சிருக்காங்க தம்பி. படத்துக்குக் கீழ என்ன எழுதிருக்கு தெரியுமா? எழுத்தாளர் வீரமுத்து. நான் போயி என்னா சொல்றது? நோட்ட எரிக்கிறப்ப அங்கதான் நின்னேன். என் கையெழுத்து எரியுது, எல்லாரும் மாமாவுக்கு அழுவுறாங்க. நானும் அழுதேன். எதுக்குன்னு யாரும் கேக்கல."

ஷாமினி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, திங்கக்கெழம பத்து மணிக்கு என்னைய வெளிய தள்ளிருவாங்க."

புஷ்பவள்ளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார். யோசித்து அடிக்கிற ஆள் இல்லை அவர். விரல்கள் ஓடின. எட்டு நிமிடத்தில் தாள் வந்தது. தேவன் ஷாமினியின் தோளுக்கு மேலாகப் படித்தான்.

*விசாரணைக் குழுவினருக்கு வணக்கம். ஏழாங்கட்டைத் தோட்ட மரண சகாய சங்கத்தின் கடிதங்களை எழுதியது நான். மழைக் கணக்கை மண்டோர் மாயாண்டி தருவார். மாணவி ஷாமினி புனையவில்லை. அவருடைய ஆய்வேட்டில் ஆராய்ச்சி அவருடையது. வாக்கியங்கள் பெரும்பாலும் என்னுடையவை. நம்பிக்கை இல்லாவிட்டால் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்து எழுதச் சொல்லி, அதையும் அளக்கலாம். அதுவும் போதாவிட்டால் குழுத் தலைவரின் ஆய்வேட்டை அதே இயந்திரத்தில் போடலாம். 2009இல் அதையும் நான்தான் நேராக்கினேன். இப்படிக்கு, புஷ்பவள்ளி.*

தேவன் சத்தம் வராமல் இரண்டு முறை குதித்தான். ஆச்சி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். சிரிப்பை அடக்கியதில் அவருக்கே உதடு துடித்துக்கொண்டிருந்தது.

ஷாமினி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்திருந்தாள். வாக்கியங்கள் பெரும்பாலும் என்னுடையவை.

"அந்த வரி வேணாம்னா எடுத்துறேன்" என்றார் புஷ்பவள்ளி. "எடுத்தா உனக்குப் பட்டம் இப்பவே வரும். வெச்சா, திரும்ப எழுதிட்டு வான்னு ஆறு மாசம் தள்ளுவாங்க. வேலையும் தள்ளும்."

"எடுத்தா, ஆய்வும் கடிதமும் ஏன் ஒரே கைன்னு கேப்பாங்க" என்றாள் ஷாமினி. "மறுபடியும் பொய் சொல்லணும்." விரலை எடுத்தாள். "இருக்கட்டும். மூணாவதும் அஞ்சாவதும் எப்படியும் குப்பைதான். திரும்ப எழுதுறேன். நானே எழுதுறேன் ஆன்ட்டி. நீங்க டைப் மட்டும் அடிங்க."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு சொல்லுகூட மாத்தக் கூடாது."

"கோணலா வருமேம்மா."

"வரட்டும்."

புஷ்பவள்ளி தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பல் பிடுங்க ஒத்துக்கொள்கிறவர் முகத்தோடு மெல்லத் தலையாட்டினார்.